உலோகத்தில் மட்டும் எழுதாத எந்திரம்

அன்பிலும் பொறுமையிலும் குறைவில்லாத மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை, உங்கள் மனைவி ஆகிய மூவரும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே தாங்களும், தங்கள் பல் மருத்துவமனையும், சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும் அன்பர்களும் அவ்வாறே சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். 'உடம்பளவில்' என்று எழுதியதைப் பார்த்துப் பதற வேண்டாம். மற்ற அளவுகளில் என்ன நிலவரம் என்று விளக்கத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இந்த வீட்டில் நான் போனைக் கையில் எடுத்தால் உங்கள் அத்தை டி.வி.யின் சத்தத்தைக் குறைக்கிறாள், உங்கள் மனைவி மிக்சியை நிறுத்துகிறாள். அப்படிப்பட்ட அமைதியில் மனம்விட்டுப் பேச யாரால் முடியும்? சென்ற வாரம் நீங்கள் "எப்ப மாமா அனுப்பி வைக்கிறீங்க?" என்று கேட்டபோது "வேலை கொஞ்சம் இழுத்துக்கிச்சு மாப்பிள்ளை" என்றேன். "பரவாயில்ல மாமா" என்றீர்கள். பிறகு வானிலையைப் பற்றிப் பேசினோம், நடுவே இன்னொரு தடவை "பரவாயில்ல மாமா". போனை வைக்கும்போது மூன்றாவது தடவை. ஒரு மனிதர் ஒரு தடவை அப்படிச் சொன்னால் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்று தடவை சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வது? அன்றிலிருந்து உங்கள் அத்தையும் தூங்கவில்லை, என்னையும் தூங்கவிடவில்லை. "ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதாச்சும் இருக்குமோ? நீங்க கேளுங்க" என்கிறாள். "நீ கேளேன்" என்றால் "நீங்கதானே அப்பா" என்கிறாள். அப்பாதான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அப்பா என்றால் இதையெல்லாம் நேரடியாகக் கேட்க முடியுமா? சுற்றி வளைத்து, "மாப்பிள்ளை சாப்பாட்டுக்கு என்ன பண்றார்மா?" என்று கேட்டுப் பார்த்தேன். "சாப்பிடுறார்" என்றாள். அதற்குமேல் எனக்கு ஒன்றும் கேட்கத் தெரியவில்லை.

போதாக்குறைக்குப் பக்கத்துக் கடைச் சாவிக்காரர். "பொண்ணு வந்து நாளாச்சு போலிருக்கே?" என்று கேட்டுவிட்டு ஒரு புருவத்தை மட்டும் தூக்குகிறார். அந்த ஒரு புருவத்தில் ஒரு கோர்ட் கேஸே இருக்கிறது. ஆகவே கையெழுத்துப் போட்டு எழுதித் தருகிறேன் மாப்பிள்ளை: உங்கள் மனைவி இங்கே தங்கியிருப்பதற்குக் கோபம் காரணம் அல்ல, சண்டை காரணம் அல்ல, நீங்கள் காரணமே அல்ல. காரணம் ஒரு மெஷின். நீங்கள் தயவுசெய்து வரும் ஞாயிற்றுக்கிழமையே வந்து அவளை அழைத்துக்கொண்டு போகவும். நடந்ததைக் கேட்டால் சனிக்கிழமையே கிளம்பிவிடுவீர்கள்.

நம் கடையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். மூன்று பேர் நின்றால் நான்காமவர் வாசலில் நின்றுதான் ஆர்டர் சொல்ல வேண்டும். பித்தளை, எவர்சில்வர், அலுமினியம், செம்பு என்று எதைக் கொண்டுவந்தாலும் பெயர் வெட்டிக் கொடுப்போம். கதவுக்குப் பெயர்ப் பலகை, பந்தயத்துக்குக் கோப்பை, பதவி விட்டுப் போகிறவருக்குக் கேடயம். நீங்கள் பல்லில் தோண்டுகிறீர்கள், நான் பித்தளையில் தோண்டுகிறேன், உங்களுடையது கத்தும், என்னுடையது கத்தாது, மற்றபடி நாம் ஒரே தொழில்தான் என்று உங்கள் கல்யாணத்தன்றே சொன்னேன், நீங்கள்கூடச் சிரித்தீர்கள். அங்கே மூலையில் இருக்கும் கைமெஷினுக்குச் சித்தப்பா என்று பெயர். என் சொந்தச் சித்தப்பாவைப் போலவே உட்கார்ந்த இடத்தில் முனகும், நாலு நல்ல வார்த்தை சொன்னால்தான் அசையும், யாராவது விருந்தாளி வந்து பார்த்தால் மட்டும் பிரமாதமாக ஓடும். ஒரு பக்கம் அச்செழுத்துகளை அடுக்கி அதன் பள்ளத்தில் ஒரு முள்ளை நகர்த்தினால், மறுபக்கத்துக் கையில் இருக்கும் ஊசி அதையே சிறிதாகத் தகட்டில் வெட்டும். அந்தக் கையின் மூட்டு தேய்ந்து போயிற்று. எழுத்துகள் எல்லாம் மாடிப்படி ஏறத் தொடங்கின. முதல் எழுத்து தரைத்தளத்தில் இருந்தால் கடைசி எழுத்து மொட்டைமாடியில் இருந்தது. நான் தகட்டைச் சாய்த்து வைத்துச் சமாளித்தேன், தகட்டைச் சாய்த்தால் அது வேறொரு பக்கம் ஏறியது. கடைசியில் பணி ஓய்வு பெறும் ஓர் அதிகாரியின் பெயர் தகட்டின் மேல் ஓரத்தில் முட்டி, கடைசி எழுத்தில் பாதி வெளியே போய்விட்டது. "நீங்க மேல மேல போறீங்கன்னு அர்த்தம் சார்" என்று சொல்லிப் பார்த்தேன். "ரிடையர் ஆகுறவன் மேல போறதுக்கு என்னய்யா அர்த்தம்?" என்று கேட்டுவிட்டுக் கேடயத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

இதை உங்கள் அத்தை போனில் மகளிடம் ஒப்பித்தாள். மறுநாளே உங்கள் மனைவி ஒரு கைப்பையோடு வந்து இறங்கினாள். "ரெண்டு நாள் வேலைப்பா, நல்ல மெஷினா ஒண்ணு பாத்துக் குடுத்துட்டுப் போயிடுறேன்." வந்தவள் முதலில் கடையைக் கூட்டினாள். பிறகு என்னை உட்கார வைத்துக் கேள்வி கேட்டாள். நாம் அதிகமாக வெட்டுவது எந்த உலோகம், எவ்வளவு ஆழம், மழையில் நிற்கிற பலகை எத்தனை, வீட்டுக்குள் இருக்கிறது எத்தனை, மிகப் பெரிய தகடு எவ்வளவு அகலம். என் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட என்னை இவ்வளவு கேட்கவில்லை. கடைசியில் பித்தளை, எவர்சில்வர், செம்பு, அலுமினியம் என ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுத் தகடு எடுத்து ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தாள். "எந்த மெஷினைப் பார்த்தாலும் இதுல போட்டுக் காட்டச் சொல்லுங்கப்பா. அவங்க குடுக்கிற தகட்டுல பாக்காதீங்க. நம்ம தகட்டுல பாருங்க. நானும் வரட்டுமா?" என்றாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. தகட்டோடு குடும்பம் நடத்துகிறவன் நான், எனக்கே பாடமா? "நீ அம்மாகூட இரு" என்று சொல்லிவிட்டுச் சாவிக்காரரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

சாவிக்காரருக்கு மெஷின் விஷயம் எதுவும் தெரியாது. ஆனால் பக்கத்தில் நின்று "ம்ம்" என்று சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்த ம்ம்தான். மெஷின் கடையில் கண்ணாடிக் கதவு, குளுகுளு ஏ.சி., கழுத்தில் டை கட்டிய ஒருவர். இனி அவரை டைக்காரர் என்றே எழுதுகிறேன், அதற்குமேல் மரியாதை கொடுக்க மனம் வரவில்லை. எங்களை உட்கார வைத்து டீ கொடுத்தார். டீ வைத்த மேசை ஆடியது. மாப்பிள்ளை, நான் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வேன், ஆடுகிற மேசையைப் பொறுக்க மாட்டேன். சாவிக்காரரும் அப்படித்தான். உலோகத்தில் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நாலு கால் சமமாக நிற்காத ஒரு சாமானுக்கு முன்னால் எங்களால் நிம்மதியாக உட்கார முடியாது. அவர் குனிந்து பார்த்தார், நானும் குனிந்து பார்த்தேன். ஒரு கால் நூலிழை குட்டை. கையில் இருந்த பையிலிருந்து செம்புத் தகட்டை எடுத்து அடியில் வைத்தேன், போதவில்லை. பித்தளையையும் சேர்த்தேன். இன்னும் ஒரு மயிரிழை. எவர்சில்வர் வைத்ததும் ஆட்டம் நின்றது, ஆனால் எதிர்க்கால் தூக்கியது. அதற்கு அலுமினியம். இரண்டு பேரும் மேசையை அழுத்திப் பார்த்தோம், பாறை மாதிரி நின்றது. அந்த நேரத்தில் எங்களுக்கு இருந்த சந்தோஷம் வேறு எதிலும் கிடைக்காது. பை காலியானது பற்றி இருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

பிறகு டைக்காரர் ஒரு பெரிய மெஷினைத் திறந்து காட்டினார். ஃபிரிட்ஜைப் படுக்க வைத்தது போல இருந்தது. உள்ளே நீளமான கண்ணாடிக் குழாய், அதில் ஊதா நிற வெளிச்சம். "என்ன சார் போடட்டும்?" என்றார். நான் சாவிக்காரரைப் பார்த்தேன். "உங்க போட்டோவே போடலாம் சார்" என்று சொல்லி, அங்கேயே என்னைப் படம் பிடித்து, பளபளவென்றிருந்த அவருடைய கறுப்புத் தகடு ஒன்றை உள்ளே வைத்து மூடினார். இங்கும் அங்குமாக வெளிச்சம் ஓடியது. திறந்தால் தகட்டில் நான். வெள்ளை வெளேரென்று, மீசை முடி ஒவ்வொன்றாக எண்ணலாம். என் மூக்கு எனக்குப் பிடித்துப்போனது வாழ்க்கையில் அன்றுதான். "மெட்டல்தானே இது?" என்று கேட்டேன். "மெட்டல்தான் சார், அலுமினியம்" என்றார். சாவிக்காரர் "ம்ம்" என்றார். முடிந்தது வியாபாரம். விளம்பரத்துக்காக அந்தத் தகட்டைத் தன் கடையிலேயே மாட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டார், நானும் பெருமையாகச் சரி என்றேன். நம் தகட்டில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு ஞாபகமே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது. ஆனால் நம் தகடுகள் மேசைக்கு அடியில் இருந்தன, எடுத்தால் மேசை ஆடுமே.

மெஷின் வந்த அன்று கடைக்குள் நுழையவில்லை. கதவைக் கழற்றினோம், நிலையைக் கழற்றினோம், இன்னும் கொஞ்சம் விட்டால் சுவரையும் கழற்றியிருப்போம். குழாயைக் குளிர வைக்கத் தண்ணீர் வேண்டுமென்று உங்கள் அத்தையின் குளியல் வாளியைப் பிடுங்கி அதில் பம்பை இறக்கினோம். புகை போகிற குழாயைப் பின்பக்கச் சந்தில் விட இடமில்லாமல் சாவிக்காரர் கடைப் பக்கம் திருப்பினோம். எல்லாம் முடிந்து, கையைக் கழுவி, பித்தளைத் தகடு ஒன்றை வைத்து மூடிப் பொத்தானை அமுக்கினேன். வெளிச்சம் ஓடியது, விசிறி கத்தியது. திறந்தேன். ஒன்றுமில்லை. தகட்டின் மேலிருந்த கைரேகை மட்டும் போயிருந்தது, முன்னைவிடச் சுத்தமாக இருந்தது. எவர்சில்வரை வைத்தேன், அதுவும் சுத்தமானது. செம்பும் அப்படியே. பெயர் வெட்டுகிற மெஷின் என்று நினைத்து நான் பாத்திரம் துலக்குகிற மெஷினை வாங்கிவிட்டேனோ என்று டைக்காரருக்குப் போன் போட்டேன். "சார், இது மரம், தோல், கண்ணாடி, பிளாஸ்டிக் எல்லாத்துலயும் போடும் சார். பெயின்ட், சாயம் ஏத்துன மெட்டல்லயும் போடும், மேல இருக்கிற சாயத்தை எரிச்சிடும். வெறும் மெட்டல்ல போடாது. அதுக்கு ஃபைபர் லேசர்னு வேற மெஷின் சார். நீங்க கேக்கவே இல்லியே?" என்றார். "யோவ், நான் மெட்டல்ல பேர் வெட்டுறவன்யா!" என்றேன். "தெரியும் சார். ஆனா நீங்க போட்டோல ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க" என்றார்.

உலகத்தில் உள்ள அத்தனை பொருளிலும் எழுதி, உலோகத்தில் மட்டும் எழுதாத ஒரு மெஷினை, உலோகத்தில் மட்டுமே எழுதுகிற ஒருவன் தேடிப் போய் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். இதை மகளிடம் எப்படிச் சொல்வது? நீங்களே சொல்லுங்கள். தப்பான பல்லைப் பிடுங்கிவிட்டால் நீங்கள் உடனே வெளியே வந்து சொல்வீர்களா? வாயில் பஞ்சை வைத்துவிட்டு யோசிப்பீர்கள். நானும் யோசித்தேன். "செட்டிங் நடக்குது, யாரும் கடைக்குள்ள வரக் கூடாது" என்று அறிவித்தேன். ஓடுகிற மெஷின் என்று காட்ட ஏதாவது போட வேண்டுமே, அதனால் உங்கள் அத்தையின் காய் நறுக்கும் பலகையில் அவள் பெயரைப் போட்டுக் கொடுத்தேன். பார்த்தவள் முகம் மலர்ந்துவிட்டது. "ஊர்ல இருக்கிறவன் பேரையெல்லாம் வெட்டினீங்க, என் பேரை எங்கயாச்சும் எழுதினது இதுதான் முதல் தடவை" என்றாள். சந்தோஷமாகச் சொன்னாளா குத்திக் காட்டினாளா என்று இன்றுவரை விளங்கவில்லை. அதிலிருந்து அவள் ஓயவில்லை. மரக் கரண்டி, மத்து, கைப்பை, செருப்பு, அலமாரிக் கதவு என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். நீங்கள் வந்தால் படுக்கிற கட்டிலின் தலைமாட்டுப் பலகையிலும் உங்கள் மாமியார் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், திடீரென்று பார்த்து அதிர்ச்சி அடைய வேண்டாம்.

இதற்கு நடுவில் விளையாட்டுச் சங்கத்துச் செயலாளர் ஒரு மூட்டைப் பித்தளைப் பதக்கங்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். பந்தயம் நெருங்கிவிட்டது, ஒவ்வொன்றின் பின்பக்கமும் பெயர் வெட்ட வேண்டும். எனக்கு வேறு வழி? புது மெஷினின் விசிறியையும் பம்பையும் மட்டும் ஓடவிட்டு, அந்த இரைச்சலுக்குப் பின்னால், திரையை இழுத்து விட்டுக்கொண்டு, சித்தப்பாவிடம் உட்கார்ந்து கையால் வெட்டினேன். சித்தப்பாவின் முனகல் வெளியே கேட்காமல் இருக்கப் புது மெஷின் கத்திக்கொண்டே இருந்தது. உலகத்திலேயே இவ்வளவு பெரிய மெஷினை இவ்வளவு சின்ன வேலைக்கு யாரும் வைத்திருக்க மாட்டார்கள். உங்கள் மனைவி டீ கொண்டுவந்தாள். முடித்து வைத்திருந்த பதக்கம் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "அப்பா, லேசர்ல போட்டா எழுத்து மாடி ஏறுமா?" என்று கேட்டாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள் மாப்பிள்ளை. கண்ணில் தண்ணீர் வழிகிற வரைக்கும் சிரித்தாள். நான் முழுக் கதையையும் சொல்லச் சொல்ல விசிறியை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டே சிரித்தாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "சரி, நான் குடுத்த தகட்டுப் பை எங்கப்பா?" என்றாள்.

"டைக்காரர் மேசைக்கு அடியில."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்புறம் ஆடாம நின்னுச்சா?"

"பாறை மாதிரி நின்னுச்சு."

"அப்ப சரி" என்றாள். என் மகள் என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை, இருந்திருந்தாலும் அன்றைக்குத் தீர்ந்திருக்கும்.

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு மெஷின் கடைக்குப் போனாள். நேராக அந்த மேசையிடம் போய், குனிந்து, நான்கு தகடுகளையும் உருவி எடுத்தாள். மேசை ஆடி, டைக்காரரின் டீ அவர் டையிலேயே கொட்டியது. அவள் பார்வை சுவருக்குப் போனது. அங்கே நான், சட்டம் போட்டு, மாலை மட்டும்தான் குறை, கீழே 'உலோக வேலைக்குச் சிறந்தது' என்று எழுதியிருந்தது. "சார், எங்கப்பா மூஞ்சியை மாட்டி மெட்டல் வேலைன்னு எழுதியிருக்கீங்க. ஒண்ணு, இந்தப் பித்தளைல ஒரு எழுத்து, ஒரே ஒரு எழுத்து போட்டுக் காட்டுங்க. இல்லன்னா மெஷினை மாத்திக் குடுத்துட்டு மூஞ்சியைக் கழட்டுங்க" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் சாவிக்காரரைப் போல "ம்ம்" என்றேன். அதற்கு இவ்வளவு பலம் இருக்கும் என்று எனக்கே தெரியாது. பிறகு அவரிடமிருந்த ஃபைபர் மெஷின்களில் ஒவ்வொன்றாக நம் தகடுகளைப் போடச் சொல்லி, நகத்தால் கீறிப் பார்த்து, ஆழம் பார்த்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து, டைக்காரர் ஏ.சி.யிலும் வியர்க்கிற மாதிரி கேள்வி கேட்டு, அடக்கமான ஒன்றைப் பொறுக்கினாள். அது கடையின் ஒரு மூலைக்குள் அடங்கும், வாளியும் வேண்டாம், கதவையும் கழற்ற வேண்டாம். பெரிய மெஷினை எடுத்துக்கொண்டு இதைத் தர ஒத்துக்கொண்டார்கள். பெரிய மெஷினை ஏற்ற வேன் வந்தபோது உங்கள் அத்தை மறித்துக்கொண்டு நின்று, டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்க, துடைப்பத்தின் மரக் கைப்பிடியிலும் தன் பெயரைப் போட்டு வாங்கிய பிறகுதான் வழி விட்டாள்.

ஆக, இதுதான் நடந்தது. ஃபைபர் மெஷின் இன்னும் ஓரிரு நாளில் வந்துவிடும். "அது சரியா ஓடுறதைப் பாத்துட்டுத்தான் போவேன்" என்கிறாள் உங்கள் மனைவி. அதற்குள் என் கடையை என்ன செய்து வைத்திருக்கிறாள் என்று நீங்கள் வந்து பார்க்க வேண்டும். திருகாணிகளுக்குத் தனித்தனி டப்பா. டீ டம்ளரை மெஷின் மேல் வைக்கக் கூடாதாம், இத்தனை காலம் வேறெங்கே வைத்தேன்? லேசர் வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது என்று பச்சைக் கண்ணாடி ஒன்றை வாங்கி மூக்கில் மாட்டிவிட்டாள், அதைப் போட்டுக்கொண்டு நான் வாசலுக்கு வந்தால் தெருநாய் எழுந்து அடுத்த தெருவுக்குப் போகிறது. வருகிறவர்கள் எல்லாம் "அம்மா இல்லையா?" என்று அவளைத்தான் தேடுகிறார்கள், நான் கடை முதலாளி என்பதே மறந்துபோயிற்று. எனக்கு என் கடை வேண்டும் மாப்பிள்ளை, என் டம்ளர் இருந்த இடம் வேண்டும். உங்களுக்கும் உங்கள் மனைவி வேண்டும் என்று நம்புகிறேன். உங்களுக்கும் அவளுக்கும் நடுவில் ஏதாவது இருந்தால், அது என்னவாக இருந்தாலும், நேரில் வந்தால் பேசித் தீர்த்துவிடலாம். ஒன்றும் இல்லை என்றால் அதையும் நேரில் வந்தே சொல்லிவிடுங்கள், உங்கள் அத்தை தூங்குவாள். ஞாயிற்றுக்கிழமை மறக்க வேண்டாம்.

நீங்கள் கை வைத்த பல் எல்லாம் வலியில்லாமல் வரட்டும். உங்கள் வீட்டு மேசை நாற்காலிகள் எல்லாம் ஆடாமல் நிற்கட்டும். இருவரும் பல்லாண்டு ஒற்றுமையாக வாழ எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே கண்டதை எழுதி முடித்து, தபால் தலை வாங்க மறந்து, சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். அதற்குள் மெஷின் வந்துவிட்டது. பித்தளையில் போட்டோம். எழுத்து வெண்ணெயில் கத்தி போல இறங்கியது, ஒன்றுகூட மாடி ஏறவில்லை. மூட்டையில் இருந்த பதக்கம் அத்தனையும் ஒரே நாளில் முடிந்து, செயலாளர் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் போனதும் உங்கள் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு, "சரிப்பா, எல்லாம் ஆச்சு. நான் நாளைக்குக் கிளம்பட்டுமா?" என்றாள். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அவள் கல்யாணமாகிப் போன பிறகு இந்தக் கடையில் யாரும் தரையில் உட்கார்ந்து சிரித்ததில்லை. அந்த மெஷினை ஓட்ட முகப்பில் ஒரு சின்னச் சாவியைப் போட்டுத் திருப்ப வேண்டும், சாவி இல்லாவிட்டால் அது வெறும் பெட்டி. அவள் உள்ளே டம்ளர் கழுவப் போனபோது அந்தச் சாவியை உருவினேன். கொண்டுபோய்ச் சாவிக்காரரிடம் கொடுத்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் தன் கடைச் சுவரில் தொங்குகிற ஆயிரம் சாவிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டார். இப்போது எங்கள் வீட்டில் சாவி தேடும் படலம் நடக்கிறது. "கிடைக்காம நான் எப்படிப் போறது?" என்று அவளே சொல்லிவிட்டாள். ஆகவே மேலே உங்களை வரச் சொல்லி எழுதிய இடங்களில் எல்லாம் 'இப்போதைக்கு வர வேண்டாம்' என்று திருத்தி வாசிக்கவும். கோபித்துக்கொள்ளாதீர்கள். உறையை ஒட்டப் பசை இல்லை. அவளிடமே கொடுத்து ஒட்டித் தபாலில் சேர்க்கச் சொல்கிறேன். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, நான் வளர்த்த பெண்.

பின்குறிப்புக்குப் பின்குறிப்பு: என்னங்க, கையெழுத்து மாறியிருக்கிறதைப் பார்த்ததுமே கண்டுபிடிச்சிருப்பீங்க. முழுக்கப் படிச்சேன். முதல்ல அந்தப் 'பரவாயில்ல'. நீங்க பல் பிடுங்கறப்பகூட அதையேதான் சொல்வீங்க, அது உங்க வாய்ல ஊறின வார்த்தைன்னு, லெட்டரைப் படிச்சதைக் காட்டிக்காம, பேச்சோட பேச்சா அப்பாகிட்ட சொல்லிட்டேன், அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். "போய் எத்தனை நாள் வேணா இரு, அவங்க ரெண்டு பேரும் தனியா இருக்காங்க"ன்னு வண்டி ஏத்திவிட்டதே நீங்கதான்னும் சொன்னேன். அப்பா பச்சைக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டார். சாவிக்காரர் மாமா அப்பா வந்து குடுத்துட்டுப் போன அன்னிக்கே அதே மாதிரி இன்னொரு சாவி வெட்டி என் கையில குடுத்துட்டார், ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார். அப்பா சாப்பிட்டுத் தூங்கற நேரத்துல மெஷினை ஓட்டி, வந்த வேலையை எல்லாம் முடிச்சுடறேன். எழுந்து வந்து பாத்தார்னா "அது முன்னாடியே போட்டு வச்சதுப்பா"ன்னு சொல்றேன், "ம்ம்"ங்கறார். இன்னும் கொஞ்ச நாள் கழிச்சு நானே சாவியை எங்கயாச்சும் கண்டுபிடிக்கிறேன். அதுவரைக்கும் தினமும் காலையில ரெண்டு பேரும் சேர்ந்து தேடறோம். அப்பா ரொம்ப சிரத்தையாத் தேடறார், டப்பா டப்பாவாக் கொட்டிப் பாக்கறார், எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. கட்டிலுக்கு அடியில குனிஞ்சா மட்டும் முதுகு பிடிச்சுக்குதாம். அதனால நீங்க ஞாயித்துக்கிழமை அவசியம் வாங்க. கட்டிலுக்கு அடியில நீங்க தேடுங்க.